பெருந்தொற்றுக் காலத்துப் பிள்ளை: அதன் உரிமை எது, நமது வழக்கம் எது?

 



2020ஆம் ஆண்டின் ரமளான் மாதம். இராயபுரத்தில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய சந்து ஒன்றில் வசிக்கும் பெரியவர் ஒருவர் நமக்கு நன்கு அறிமுகமானவர். துறைமுகத்தில் பல்லாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். தலைப்பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்திருந்த அவருடைய மகளுக்கு அந்த மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. பெரியவரின் மனைவி சர்க்கரை நோயாளி என்பதால் மருத்துவமனையில் துணைக்கு இருந்தவர் மகளின் மாமியார். அந்த நாட்களிலேயே இவர்களுடைய சந்தில் இருவருக்குக் கொரோனா உறுதியாகி, சந்தின் வாய் தகரம் வைத்து அடைக்கப்பட்டது. தாயும் சேயும் அங்கே திரும்ப இயலவில்லை. மருத்துவமனையிலிருந்து நேராகத் திருவொற்றியூரில் உள்ள கணவர் வீட்டுக்குச் சென்றார்கள்.

திருவொற்றியூர் என்ன, கடல் கடந்த ஊரா? ஒரு பேருந்தில் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் தொலைவுதான். ஆயினும் பேத்தியின் முகத்தைப் பார்க்க அந்தப் பெரியவருக்கு ஏறத்தாழ ஐம்பது நாட்கள் ஆயின. அதுவும் எப்படி? இவர் தெருவில் நின்றார். மாடியிலிருந்து குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள்.

பள்ளிவாசல்கள் மீண்டும் திறக்கப்பட்ட பிறகு ஒருநாள் தொழுகை முடிந்து அவர் நம்மிடம் வந்தார். "வீட்டுக்கு முதல் பேத்தி. காதில் நான் பாங்கு சொல்லவில்லை. சேனை வைக்கவில்லை. ஏழாம் நாள் ஆடு அறுக்கவில்லை. நாலு பேரைக் கூப்பிட்டு ஒருவேளைச் சோறு போடவில்லை. அந்தப் பிள்ளையை நாங்கள் வரவேற்கவே இல்லையே, ஹஜ்ரத்!" என்று சொல்லிக் கண் கலங்கினார்.

அன்று அவருக்குச் சுருக்கமாக ஆறுதல் கூறினோம். ஆனால் அந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் பிள்ளை பெற்ற எத்தனையோ குடும்பங்களின் நெஞ்சில் தங்கிவிட்ட கேள்வி அது. ஆகவே அதைச் சற்று விரிவாக ஆராய்வது நம் கடமையாகிறது.

கஞ்சி மாறியது, தர்மம் மாறவில்லை

அந்த நாட்களைச் சற்றே நினைவுகூருங்கள். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட் நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவு நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. மே மாத இறுதியிலும் ஜூனிலும் சென்னை மாநகராட்சியின் மண்டலங்களில் தொற்று எண்ணிக்கையில் முதலிடத்தில் நின்றது நமது இராயபுரம் மண்டலம். மண்ணடியின் நெருக்கமான தெருக்களும், வண்ணாரப்பேட்டையின் ஒற்றை அறை வீடுகளும் நோய் பரவ எளிதான இடங்களாயின. ஜூன் 19 முதல் மாத இறுதி வரை சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் மறுபடியும் முழு ஊரடங்கு வந்தது. பள்ளிவாசல்களின் கதவுகள் செப்டம்பர் முதல் தேதிதான் முழுமையாகத் திறந்தன.

ரமளானில் பள்ளியில் காய்ச்சும் நோன்புக் கஞ்சிக்காக அரசு தரும் அரிசி அந்த ஆண்டும் வந்தது. ஆனால் பள்ளியில் அண்டா ஏறவில்லை. அரிசியாகவே வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. எவரேனும் "இந்த ஆண்டு நோன்புக் கஞ்சியின் நன்மை இல்லாமல் போயிற்று" என்று சொன்னார்களா? இல்லை. கஞ்சி வந்து சேர்ந்த விதம் மாறியது. தர்மம் தன் இடத்தில் நின்றது. 18ஆம் நூற்றாண்டுப் பஞ்சத்தின்போது கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தில் வேரூன்றி வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை நம் மூத்தவர்கள் இன்றும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். கஞ்சியில் தொடங்கியது மருத்துவத்தில் வந்து நின்றது. உதவி என்ற உள்ளடக்கம் மட்டும் மாறவில்லை.

பெரியவரின் கேள்விக்கான திறவுகோல் இதில்தான் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு மார்க்கம் வகுத்துத் தந்த ஹக்குகள், அதாவது உரிமைகள், சில உண்டு. அவற்றைச் சுற்றி நாம் அன்போடு கட்டி வளர்த்த வழக்கங்களும் சில உண்டு. நோய் எதைப் பறித்தது? உரிமையையா, வழக்கத்தையா?

தனிமையில் ஈன்ற தாய்

முதலில் தாயைப் பற்றிப் பேசுவோம். இராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். என்று நாம் அழைக்கும் அரசு மகப்பேறு மருத்துவமனை, சவலை இராமசாமி முதலியார் என்னும் கொடையாளரின் பெயரால் 19ஆம் நூற்றாண்டு முதல் வடசென்னைத் தாய்மார்களுக்குப் பணியாற்றி வருவது. எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பெண்கள் எத்தனை தலைமுறையாக அங்கே பிள்ளை பெற்றிருக்கிறார்கள்! பெருந்தொற்றுக் காலத்திலும் அதன் கதவு மூடவில்லை. தொற்று உறுதியான கர்ப்பிணிகளுக்கும் அங்கே மகப்பேறு பார்க்கப்பட்டது. முகக் கவசமும் உடல் முழுதும் மூடும் பாதுகாப்பு உடையும் அணிந்த செவிலியரின் கண்களை மட்டுமே பார்த்துப் பிள்ளை பெற்ற தாய்மார்கள் உண்டு. தாயின் கையைப் பற்றிக்கொள்ள இயலாமல், கணவரின் முகத்தைக் காணாமல் வலியைத் தாங்கியவர்கள் அவர்கள்.

சகோதரிகளே! அப்படிப் பெற்றவர்களில் நீங்களும் ஒருவரென்றால், திருக்குர்ஆனின் 19ஆவது அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். ஊராரை விட்டு ஒதுங்கி, உறவினர் ஒருவரும் அருகில் இன்றி, பேரீச்ச மரத்தின் அடியில் பிரசவ வேதனையுற்ற மர்யம் (அலை) அவர்களை அங்கே காண்பீர்கள். தாம் இதற்கு முன்பே இறந்து மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என ஏங்குமளவுக்கு அவர்களுடைய துயரம் இருந்தது. அந்த நேரத்தில் அவர்களுக்குக் கிடைத்த செய்தி என்ன? கவலை வேண்டாம் என்ற ஆறுதல். காலடியில் ஓடிய நீர். மரத்தை உலுக்கினால் விழும் கனிந்த பழம். உண்டு பருகிக் கண் குளிர்ந்திருக்கும்படி ஒரு கட்டளை.

விருந்து இல்லை, சீர் இல்லை, உறவினர் கூட்டம் இல்லை. ஆயினும் உலகின் மாண்புமிக்க பிறப்புகளில் ஒன்று அது. கூட்டம் இல்லாததால் ஒரு பிறப்பின் கண்ணியம் குறைவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

காய்ச்சல் நிறைந்த ஊரில் முதல் குழந்தை

ஹிஜ்ரத்தின் தொடக்க நாட்களில் மதீனா நோய் மலிந்த ஊராக இருந்தது. மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களை அந்த ஊரின் காய்ச்சல் வாட்டியது. அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோரும் படுக்கையில் விழுந்தார்கள். மதீனாவைத் தங்களுக்கு விருப்பமான, ஆரோக்கியமான ஊராக ஆக்கும்படியும், அதன் காய்ச்சலை அகற்றும்படியும் நபி (ஸல்) அவர்கள் பிரார்த்தித்ததை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

அந்தத் தொடக்க நாட்களில்தான் அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி), நிறைமாதக் கர்ப்பிணியாகப் பாலைவனப் பயணம் மேற்கொண்டு வந்து, குபாவில் ஓர் ஆண் மகவை ஈன்றார்கள். ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை அது. அஸ்மா (ரலி) குழந்தையை நபி (ஸல்) அவர்களின் மடியில் வைத்தார்கள். நபியவர்கள் ஒரு பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் வாயில் வைத்து, அதன் மேலண்ணத்தில் தடவினார்கள், பரக்கத்துக்காகப் பிரார்த்தித்தார்கள், அப்துல்லாஹ் எனப் பெயரிட்டார்கள். முஸ்லிம்கள் பெரிதும் மகிழ்ந்தார்கள். பின்னாளில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) எனப் புகழ் பெற்றவர் அக்குழந்தையே.

ஒரு மடி, ஒரு பழம், ஒரு துஆ, ஒரு பெயர். நோய் நிறைந்த ஊரில் பிறந்த ஒரு பிள்ளைக்குக் கிடைத்த வரவேற்பு இவ்வளவுதான். இதில் எதற்குக் கூட்டம் தேவைப்பட்டது?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

பாங்கு: ஹஸன் (ரலி) பிறந்தபோது அவருடைய காதில் நபி (ஸல்) அவர்கள் பாங்கு சொன்னதாக அபூராஃபிஉ (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரின் தரம் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் பெருவாரியான அறிஞர்கள் அதை விரும்பத்தக்கதாகக் கொண்டு வந்துள்ளனர். அதைப் பாட்டனார்தான் சொல்ல வேண்டும் என்றோ, பள்ளி இமாம்தான் சொல்ல வேண்டும் என்றோ எவரும் நிபந்தனை விதிக்கவில்லை. அருகில் இருக்கும் தந்தை மென்குரலில் சொன்னாலே போதுமானது. ஆண்கள் எவரும் அருகில் இல்லாத நிலையில், பிரசவம் பார்த்த பெண் சொன்னாலும் நிறைவேறும் என ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் சிலர் எழுதியுள்ளனர். நம் பெரியவரிடம் விசாரித்தபோது, குழந்தையைக் கையில் வாங்கியதும் அதன் தந்தையே பாங்கு சொல்லியிருந்தது தெரியவந்தது. பிறகு என்ன குறை?

தஹ்னீக்: நம் வட்டாரத்தில் 'சேனை வைத்தல்' எனப்படும் வழக்கத்தோடு இது கலந்துவிட்டது. வீட்டுப் பெரியவர் ஒருவர் தம் வாயில் இட்ட இனிப்பைக் குழந்தையின் நாவில் வைத்தால், அவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்புவோரும் உண்டு. இங்கே நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். நபி (ஸல்) அவர்களின் உமிழ்நீரில் இருந்த பரக்கத் அவர்களுக்கே உரிய சிறப்பு எனக் கருதும் அறிஞர்கள் உண்டு. தஹ்னீக் விரும்பத்தக்க ஒரு செயல். பிறருக்குத் தீங்கு செய்யாதிருப்பதோ கடமை. கடமைக்கும் விரும்பத்தக்கதற்கும் இடையே மோதல் வந்தால் எது முந்தும் என்பதை மத்ரஸா மாணவரும் அறிவர். இருமல், சளி, வாய்ப்புண், காய்ச்சல் உள்ளவர் மென்ற பழத்தைப் பச்சிளங்குழந்தையின் வாயில் வைப்பது எந்தக் காலத்திலும் சரியன்று. செய்ய விரும்புவோர் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, நன்கு கழுவிய விரல் நுனியால், தாயே பழத்தின் மென்சாற்றை இலேசாகத் தொட்டு வைக்கலாம். தேனை மட்டும் ஓர் ஆண்டு நிறையும் வரை குழந்தைக்குத் தரக்கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்கிருமியின் நச்சு பச்சிளங்குழந்தையின் நரம்புகளைத் தாக்க வல்லது என மருத்துவ உலகம் எச்சரிக்கிறது.

பெயர்: தமக்கு மகன் இப்ராஹீம் பிறந்த இரவிலேயே நபி (ஸல்) அவர்கள் பெயர் சூட்டிய செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது. ஏழாம் நாள் பெயரிடலாம் என்பதற்கும் ஆதாரம் உண்டு. இரண்டுக்குமே மண்டபமும் அழைப்பிதழும் வேண்டியதில்லை. நல்ல பொருள் தரும் பெயரை ஆலோசித்து வைப்பதே பிள்ளையின் உரிமை. அந்த ஆலோசனை தொலைபேசியில் நடந்தாலும் ஆலோசனைதான்.

அகீகா: ஆண் குழந்தைக்கு இரண்டு ஆடுகள், பெண் குழந்தைக்கு ஓர் ஆடு என்பது நாம் அறிந்ததே. ஏழாம் நாள் சிறப்பு. தவறினால் 14ஆம் நாள், 21ஆம் நாள் என்ற வழிகாட்டுதலும் வந்துள்ளது. குழந்தை பருவமடையும் வரை அதன் காலம் நீள்கிறது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. ஹனஃபீ மத்ஹபில் அது கட்டாயக் கடமையும் அன்று. வசதி உள்ளவர் செய்தால் நன்மை. அறுக்கும் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைப்பதும் கூடும். ஊரடங்கில் ஏழாம் நாள் தவறியதால் எவருடைய அகீகாவும் கைநழுவிப் போய்விடவில்லை.

ஆனால் நாம் அகீகா என்று எதைச் சொல்கிறோம்? பிரியாணி அண்டா, வாடகை மண்டபம், ஐந்நூறு பேர், தாய்வீட்டுச் சீர், தங்க வளையல், தொட்டில் அலங்காரம் இவற்றையல்லவா! மருமகளின் தந்தை கடன் வாங்கிச் செய்ய வேண்டிய ஒன்றாக ஒரு நன்றி வழிபாட்டை மாற்றிவிட்டோமே! பெருந்தொற்று இவற்றை நிறுத்தியபோது எத்தனையோ ஏழைத் தகப்பன்மார்கள் வெளியில் சொல்லாமல் உள்ளுக்குள் நிம்மதி அடைந்தார்கள் என்பதை நாம் அறிவோம். கறியை மூன்று நான்கு வீடுகளுக்குப் பொட்டலமாகக் கொடுத்தனுப்பிய எளிய அகீகாக்கள் அப்போது நடந்தன. சுன்னத்துக்கு நெருங்கியது எது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

முடி: ஃபாத்திமா (ரலி) அவர்கள் தம் பிள்ளைகளின் தலைமுடியை நிறுத்து, அதன் எடைக்கு வெள்ளியைத் தர்மம் செய்ததாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா தெரிவிக்கிறது. ஹஸன், ஹுஸைன் இருவருக்கு மட்டுமன்று. ஸைனப், உம்மு குல்ஸூம் என்னும் பெண்மக்களுக்கும் அப்படியே செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுப்போரைத் திருக்குர்ஆன் 16ஆவது அத்தியாயத்தில் கண்டிக்கிறது. முடியின் எடைக்கான வெள்ளி, கூலித் தொழிலாளியும் கொடுக்கக்கூடிய மிகச் சிறிய தொகை. முடிதிருத்தும் கடைகள் மூடியிருந்த நாட்களில் அதைப் பிற்பாடு செய்ததில் குற்றமேதும் இல்லை.

தொடாமல் ஏற்ற உறவு

"எல்லாம் சரி. ஆனால் பிள்ளையைத் தொடவில்லையே, முத்தமிடவில்லையே, அது கல்நெஞ்சம் அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். குழந்தைகளை முத்தமிட்டுக் கொஞ்சுவது நபிவழி என்பதில் ஐயமில்லை. பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்னவரிடம், இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்பட மாட்டார் என்ற கருத்தில் அண்ணலார் எச்சரித்தார்கள். அதே அண்ணலார் வாழ்வில் இன்னொரு நிகழ்ச்சியையும் பாருங்கள்.

தகீஃப் குலத்தாரின் தூதுக்குழு பைஅத் செய்ய வந்தபோது, அதில் தொழுநோய் கண்ட ஒருவர் இருந்தார். கையோடு கை சேர்த்து உறுதிமொழி பெறுவது வழக்கம். நபி (ஸல்) அவர்கள் அவருக்கு ஆளனுப்பி, அவருடைய பைஅத்தை ஏற்றுக்கொண்டதாகவும் அவர் திரும்பிச் செல்லலாம் என்றும் தெரிவித்தார்கள். முஸ்லிம் நூலில் இது பதிவாகியுள்ளது. அவரை நிராகரித்தார்களா? இல்லை. முழுமையாக ஏற்றார்கள், கை தொடாமலேயே! உறவு உள்ளத்தால் ஏற்கப்படுவது. தொடுதல் அதன் அடையாளம். அடையாளத்தைத் தள்ளிவைத்தால் உறவு தள்ளிப்போவதில்லை.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 639இல், ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. ஸர்ஃக் என்னும் இடம் வரை வந்துவிட்ட கலீஃபா உமர் (ரலி), ஆலோசனைக்குப் பின் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து வெருண்டு ஓடுவதா என அபூ உபைதா (ரலி) வினவியபோது, ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) விடையளித்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருப்போர் அதற்கு அஞ்சி வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) எடுத்துச் சொன்னதும், தம் முடிவு அதற்கு இசைந்திருந்தது கண்டு உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

தகரம் அடைத்த சந்தினுள் நின்று, பேத்தியைக் காணப் புறப்படாமல் தம்மை அடக்கிக்கொண்ட அந்தப் பெரியவர் செய்தது இதைத்தான். அவர் வரவேற்கவில்லை என்று எண்ணிய அந்த ஐம்பது நாட்களும் அவர் அளித்த வரவேற்பே ஆகும். தம் ஆசையை விட அந்தப் பிஞ்சு நுரையீரல் பெரிது என்று அவர் நினைத்தாரே, அதைவிடப் பெரிய சீர் எது?

தாய்க்குச் செய்ய வேண்டியவை

ஆனால் சகோதரர்களே, ஒன்றை மறைக்கலாகாது. விலகியிருப்பது குழந்தைக்குப் பாதுகாப்பாக இருந்தபோது, சில வீடுகளில் தாய்க்கு அது தண்டனையாகிவிட்டது. தொற்று கண்ட தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்துப் புட்டிப்பால் கொடுத்த வீடுகள் இருந்தன. உண்மையில் உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டிலேயே, தொற்று உள்ள தாயும் முகக் கவசம் அணிந்து, கைகளைக் கழுவிக்கொண்டு தாய்ப்பால் ஊட்டலாம். ஊட்ட வேண்டும் என அறிவுறுத்தியது. பால் வழியே நோய்க்கு எதிரான ஆற்றலும் குழந்தைக்குச் செல்கிறது. பாலூட்டும் தாய்மார்களுக்கு 2021 மே மாதத்திலும், கர்ப்பிணிகளுக்கு ஜூலை மாதத்திலும் கோவிட் தடுப்பூசிக்கு இந்திய அரசு அனுமதி வழங்கியது.

திருக்குர்ஆனின் 2:233 வசனம் பாலூட்டும் காலம் பற்றிப் பேசுகிறது. தாய்க்கு உணவும் உடையும் அளிப்பது தந்தையின் பொறுப்பு என்கிறது; பிள்ளையை முன்னிட்டுத் தாயும் துன்புறுத்தப்படக் கூடாது, தந்தையும் துன்புறுத்தப்படக் கூடாது என்கிறது; பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்தாலோசித்து முடிவு செய்யச் சொல்கிறது. பிரசவித்த பெண் காரணமின்றி அழுதால், தூக்கம் வராமல் தவித்தால், குழந்தையைப் பார்க்கவே மனமின்றி இருந்தால், "ஈமான் குறைவு" என்றோ "காற்றுக் கருப்பு" என்றோ சொல்லி ஒதுக்காதீர்கள். அது பேறுகாலத்தை ஒட்டி வரும் மன நோவாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. மர்யம் (அலை) அவர்களின் துயரத்தையே இறைவன் கண்டிக்கவில்லை. ஆறுதலும் உணவும் அல்லவா அளித்தான்!

ஒற்றை அறை வீட்டில் எப்படி ஒதுக்கி வைப்பது என்று கேட்பீர்கள். சன்னல் ஓரத்தைத் தாய்க்கும் சேய்க்கும் கொடுங்கள். இடையே ஒரு திரை கட்டுங்கள். இருமுபவர் மறு ஓரத்திலோ திண்ணையிலோ படுக்கட்டும். சமையல் புகை குழந்தையின் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அண்டை வீட்டார் ஆளுக்கொரு வேளை உணவை வாசலில் வைத்துவிட்டுப் போகலாம். உள்ளே வந்து பார்ப்பதினும் அது பெரிய உதவி.

இன்றும் பொருந்துபவை

கோவிட் உலகளாவிய அவசரநிலை 2023 மே 5 அன்று முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்த நாட்கள் கற்பித்த பாடமும் அத்துடன் முடிந்துவிட வேண்டுமா? கூடாது. பெரியவருக்கு வெறும் சளியாக இருப்பது பிறந்த குழந்தைக்கு நிமோனியாவாக மாறலாம். ஆகவே சிலவற்றை வழக்கமாக்கிக்கொள்வோம்.

முதலாவதாக, காய்ச்சலோ இருமலோ உள்ளவர், எவ்வளவு நெருங்கிய உறவாயினும், பச்சிளங்குழந்தையைப் பார்ப்பதைத் தள்ளிப்போடட்டும். நலமாக இருப்பவரும் கை கழுவிய பிறகே தூக்கட்டும்; முகத்திலும் கையிலும் முத்தமிட வேண்டாம். "வர வேண்டாம்" என்று சொல்லும் தாயை அகங்காரி என்று பேசாதீர்கள். அவள் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைக் காக்கிறாள். குழந்தைக்கு ஒருபோதும் முகக் கவசம் கட்டாதீர்கள், மூச்சு முட்டும்.

இரண்டாவதாக, பிறந்தவுடன் போடும் காசநோய்த் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசி ஆகியவற்றையும், ஆறாவது வாரம் முதல் தொடரும் தவணைகளையும் தவற விடாதீர்கள். ஊரடங்கில் அஞ்சி வீட்டிலேயே இருந்து தவணை தவறிய பிள்ளைகள் பலர். நோய்க்கு அஞ்சி நோய்த் தடுப்பையே விட்டுவிடுவது என்ன நியாயம்?

மூன்றாவதாக, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கினாலோ, உடல் சுட்டாலோ, சில்லிட்டுத் துவண்டாலோ, ஓதிப் பார்ப்பதோடு நில்லாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 108ஐ அழையுங்கள். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல.

நான்காவதாக, பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். பெயர் முடிவாகவில்லை என்று காத்திருக்காதீர்கள். பெயரின்றியே பதிவு செய்து, ஓர் ஆண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை உள்ளிட்ட பலவற்றிற்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். பிள்ளையின் உரிமைகளில் இதுவும் ஒன்று.

நிறைவாக

நம் பெரியவர் அந்த ஐம்பது நாட்களும் சும்மா இருக்கவில்லை. பஜ்ருத் தொழுகைக்குப் பின் நாள்தோறும் மகளைத் தொலைபேசியில் அழைத்து, கைபேசியைக் குழந்தையின் அருகில் வைக்கச் சொல்லி, ஸலாம் சொல்லித் துஆ செய்திருக்கிறார். அந்தத் தாத்தாவை முதன்முதலில் அருகில் சந்தித்தபோது, குழந்தை அவருடைய குரல் கேட்ட பக்கம் தலையைத் திருப்பியது என்று மகள் சொல்வாராம். அது குழந்தையின் நினைவோ, மகளின் பாசமோ, அல்லாஹ்வே அறிவான். அந்தப் பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளுடைய அகீகாவைப் பெரியவர் பின்னர் ஒரே ஓர் ஆட்டுடன், மண்டபம் இன்றி, தகரம் அடைத்த நாட்களில் தமக்குக் காய்கறி வாங்கித் தந்த வீட்டாரை முதலில் நினைத்து நிறைவேற்றினார். அவர்களில் முஸ்லிம் அல்லாத மீனவக் குடும்பங்களும் இருந்தன.

சகோதரர்களே! சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் அந்த நாட்களில் பிறந்த பிள்ளை இருக்குமானால், வருந்தாதீர்கள். அதன் உரிமை எதுவும் பறிபோகவில்லை. பறிபோனவை நம் வழக்கங்கள் மட்டுமே. அவற்றில் நல்லவற்றை மீண்டும் எடுத்துக்கொள்வோம். சுமையானவற்றை அந்தத் தகரத்துக்கு அப்பாலேயே விட்டுவிடுவோம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! தனிமையில் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு அதன் கூலியை நிறைவாக வழங்குவாயாக! அந்த நோயில் உயிர்நீத்தவர்களை மன்னிப்பாயாக! பேரப்பிள்ளைகளின் முகம் காணாமலேயே மறைந்துபோன பெரியவர்களை மறுமையில் அவர்களோடு ஒன்று சேர்ப்பாயாக! ஆமீன்.